மார்பக அறுவைச் சிகிச்சை: அந்த அறையில் கேட்காமல் விட்ட கேள்விகள்

வயது 46, வலப்பக்கம், அறுவைக்கு இன்னும் மூன்று வாரம்

வணக்கம். பயாப்ஸி முடிவு வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. வலது மார்பில் ஒன்றுக்கொன்று தள்ளி இரண்டு இடங்களில் கட்டி இருப்பதால் முழுவதையும் அகற்ற வேண்டியிருக்கும் என்று புற்றுநோய் அறுவை மருத்துவர் சொன்னார். அதுவரை தைரியமாகத்தான் இருந்தேன். அகற்றியபின் மார்பை மறுபடி உருவாக்குவது பற்றிப் பேச, அடுத்த நாள் பிளாஸ்டிக் சர்ஜனிடம் அனுப்பினார்கள். அங்கேதான் தடுமாறிப்போனேன்.

அவரைக் குறை சொல்ல மாட்டேன், நிதானமாகத்தான் பேசினார். சிலிக்கான் இம்பிளான்ட் வைக்கலாம், வயிற்றிலிருந்து சதை எடுத்து வைக்கலாம், முதுகுத் தசையைத் திருப்பிக் கொண்டுவரலாம், ஒன்றும் செய்யாமல் தட்டையாகவும் விடலாம், இப்போதே செய்யலாம், பிறகும் செய்யலாம் என்று சொல்லிக்கொண்டே போனவர், மேசை இழுப்பறையிலிருந்து ஓர் இம்பிளான்ட்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். "அழுத்திப் பாருங்கள்" என்றார். அழுத்தினேன். குளிர்ந்திருந்தது. அதன் பிறகு அவர் சொன்ன எதுவும் காதில் ஏறவில்லை. "ஏதாவது கேட்க வேண்டுமா?" என்றார் கடைசியில். "இல்லை" என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன். வாசலைத் தாண்டியதும் நாற்பது கேள்வி.

எது நல்லது என்று உங்களிடம் கேட்கவில்லை. என் உடம்பைப் பார்க்காமல் யாராலும் அதைச் சொல்ல முடியாது. அந்த அறையில் உட்கார்ந்திருந்தபோது நீங்கள் கேட்டிருக்க வேண்டிய, ஆனால் கேட்காமல் விட்ட கேள்வி எது? அதைச் சொல்லுங்கள். அடுத்த வியாழக்கிழமை மறுபடியும் போகிறேன்.

வயிற்றுச் சதை முறை, இடப்பக்கம், மூன்றரை ஆண்டுகள்

நான் கேட்காமல் விட்டது: "இரவில் என்னை யார் பார்த்துக்கொள்வார்கள்?"

தொப்புளுக்குக் கீழே உள்ள தோலையும் கொழுப்பையும் ரத்தக் குழாய்களோடு வெட்டி எடுத்து, மார்பில் உள்ள குழாய்களோடு நுண்ணோக்கியின் கீழ் தைக்கிறார்கள். குழாயின் பருமன் இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான். 1982-இல் வந்த பழைய முறையில் வயிற்றுத் தசையையும் சேர்த்து எடுப்பார்கள். வயிற்றுச் சுவர் தளர்ந்து பிதுக்கம் வருவது அதில் கூடுதல். 1990களில்தான் தசையை அதன் இடத்திலேயே விட்டுவிட்டுக் குழாயை மட்டும் பிரித்தெடுக்கும் முறை பரவியது. மருத்துவர்கள் 'டீப் ஃபிளாப்' என்பது இதைத்தான். "வயிற்றிலிருந்து எடுக்கிறோம்" என்று சொன்னால் இரண்டில் எது என்று கேட்டுவிடுங்கள் சகோதரி.

அறுவைக்கு முன் என்னை நிற்கவைத்து வயிறு முழுக்க மார்க்கர் பேனாவால் கோடு போட்டார். ஸ்கேனில் பார்த்துவைத்த குழாய்கள் மேலே வரும் இடங்களிலெல்லாம் பெருக்கல் குறி. காலை எட்டு மணிக்கு உள்ளே போனவள் மாலை ஐந்தரைக்கு வெளியே வந்தேன்.

அதற்குப் பிந்திய இரண்டு இரவுகளைத்தான் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. மணிக்கு ஒருமுறை செவிலியர் வருவார். டார்ச் அடித்து நிறம் பார்ப்பார். விரலால் அழுத்திவிட்டு, வெளுத்த இடம் மறுபடி சிவக்க எத்தனை நொடி ஆகிறது என்று எண்ணுவார். பிறகு பேனா போன்ற ஒரு கருவியைத் தோலில் வைப்பார். உஷ், உஷ் என்று ரத்தம் ஓடும் சத்தம் வரும். வந்தால்தான் இருவரும் மூச்சு விடுவோம். இரண்டாம் நாள் விடியற்காலை மூன்று மணிக்குச் சத்தம் இருந்தது, ஆனால் ஓரம் ஊதா நிறமாக மாறத் தொடங்கியிருந்தது. ரத்தம் உள்ளே வருகிறது, வெளியே போக வழியில்லை. சிரையில் அடைப்பு. அரை மணி நேரத்துக்குள் என்னை மறுபடியும் அறுவை அரங்கில் படுக்கவைத்தார்கள். சதை பிழைத்துக்கொண்டது. அந்தச் செவிலியர் அன்று சற்றுக் கண்ணயர்ந்திருந்தால் நான் இந்தப் பதிவை வேறு விதமாக எழுதியிருப்பேன்.

ஆகவே சர்ஜனின் திறமையை மட்டும் விசாரிக்காதீர்கள். இந்த அறுவைக்குப் பழகிய செவிலியர்கள் இரவில் இருக்கிறார்களா, நள்ளிரவில் திறக்க வேண்டி வந்தால் குழு தயாரா, சதை உயிர் பிடிக்காமல் போனால் அடுத்து என்ன என்று கேளுங்கள்.

இன்னொன்று. புதிய மார்பில் தொடு உணர்ச்சி பெரும்பாலும் இருக்காது. எனக்கு இது தெரியும், தெரிந்தும் ஒரு குளிர் இரவில் வெந்நீர்ப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு தூங்கிவிட்டேன். காலையில் எழுந்து பார்த்தால் உள்ளங்கை அளவு கொப்புளம். சூடு துளிகூடத் தெரியவில்லை.

எக்ஸ்பாண்டர், பிறகு இம்பிளான்ட், பிறகு இரண்டும் இல்லை

"கதிர்வீச்சு உண்டா?" இந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரியாமல் இம்பிளான்ட்டைப் பற்றி முடிவெடுக்காதீர்கள். நான் எடுத்தேன்.

மார்பை அகற்றிய அன்றே, தோலை மெல்ல விரித்து இடம் உண்டாக்க, தோலுக்கு அடியில் காலிப் பை ஒன்றை வைத்துத் தைத்தார்கள். அதுதான் எக்ஸ்பாண்டர். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போக வேண்டும். மருத்துவர் ஒரு சிறு காந்தத்தை நூலில் தொங்கவிட்டு மார்பின் மேல் நகர்த்துவார். உள்ளே ஊசி போகும் வாய் இருக்கும் இடத்தில் அது நேர்குத்தாக நிற்கும். அங்கே குத்தி 60 மில்லி உப்புநீர் ஏற்றுவார். வலி என்று சொல்ல முடியாது, இறுக்கம். அன்று இரவு பக்கவாட்டில் புரள முடியாது, மூன்றாம் நாள் தோல் இளகிக்கொடுக்கும், பழகும் நேரத்தில் அடுத்த 60 மில்லி. உள்ளே காந்தம் இருப்பதால் அது இருக்கும்வரை எம்.ஆர்.ஐ. எடுக்கக் கூடாது என்று ஒரு அட்டை கொடுத்தார்கள்.

எக்ஸ்பாண்டரை எடுத்துவிட்டு இம்பிளான்ட் வைத்த பிறகுதான் அக்குளில் உள்ள நிணநீர்க் கணுக்களின் அறிக்கையை மறுபடி அலசிக் கதிர்வீச்சு தேவை என்றார்கள். இருபத்தைந்து அமர்வு. ஏழெட்டு மாதத்தில் மார்பு கல்லாகத் தொடங்கியது. உடம்பு அந்நியப் பொருளைச் சுற்றி உறை கட்டுவது இயல்பு, எல்லோருக்கும் கட்டும். கதிர்வீச்சு பட்ட உடம்பில் அந்த உறை தடித்துச் சுருங்கி நெரிக்கும் வாய்ப்பு மிக அதிகம். இதை நான்கு படிகளாகப் பிரிக்கிறார்கள். முதல் படியில் மார்பு மிருது, நான்காம் படியில் கடினம், உருக்குலைவு, வலி. நான் நான்காம் படி. கடைசியில் அதை எடுத்துவிட்டு முதுகுத் தசையைத் திருப்பி வைத்தார்கள். ஒரே அறுவை என்று நினைத்து உள்ளே போனவளுக்கு மொத்தம் நான்கு.

என்னைப் போல ஆகாதவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் கதிர்வீச்சு வரலாம் என்று ஒரு சந்தேகம் இருந்தாலே, இரண்டு மருத்துவர்களையும் ஒரே அறையில் உட்காரவைத்துப் பேசச் சொல்லுங்கள். ஒருவர் திட்டம் மற்றவருக்குத் தெரியாமல் இருந்ததுதான் என் கதை.

பாதி அகற்றல், கதிர்வீச்சு, 9 ஆண்டுகள்

நான் பிளாஸ்டிக் சர்ஜன் வரைக்கும் போகவே இல்லை. இருந்தாலும் ஒன்று கேட்கிறேன் அக்கா: முழுவதும் எடுத்தே ஆக வேண்டுமா என்று இரண்டாவது மருத்துவரிடம் கேட்டீர்களா?

எனக்கு முதலில் சொன்னவரும் முழுவதும் என்றார். எடுத்துவிட்டால் நிம்மதி என்று நானும் தலையாட்டினேன். வேறொருவரிடம் போனபோது அவர் கட்டியை மட்டும் எடுத்து, மீதி மார்பைச் சீர்செய்து மூடி, கதிர்வீச்சு கொடுத்தால் போதும் என்றார். உயிருக்கு ஆபத்தில்லையா என்று கேட்டேன். இத்தாலியில் வெரோனெசி, அமெரிக்காவில் ஃபிஷர் என்ற இரண்டு மருத்துவர்கள் தனித்தனியே நடத்திய ஆய்வுகளில், முழுவதும் எடுத்தவர்களையும் பாதி எடுத்தவர்களையும் இருபது ஆண்டு தொடர்ந்து கவனித்து 2002-இல் முடிவை வெளியிட்டார்கள், ஆரம்ப நிலைப் புற்றில் உயிர்பிழைப்பில் வித்தியாசம் இல்லை என்று விளக்கினார். அதே இடத்தில் மறுபடி வரும் வாய்ப்பு சற்றுக் கூடுதல் என்பதையும் மறைக்கவில்லை.

உங்களுக்கு இரண்டு இடம் என்கிறீர்கள். அதனால் முழு அகற்றல்தான் சரியாகவும் இருக்கலாம். கேட்டுவிட்டு ஒப்புக்கொள்வது வேறு, கேட்காமல் ஒப்புக்கொள்வது வேறு.

இருபுறமும் தட்டை, 5 ஆண்டுகள்

மீளுருவாக்கம் வேண்டாம் என்று நான் சொன்னபோது மருத்துவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "பின்னால் மனம் மாறும். கொஞ்சம் தோலை விட்டுவைக்கிறேன்." மறுக்கத் தோன்றவில்லை. கட்டுப் பிரித்த அன்று பார்த்தால் மார்பில் இரண்டு வெற்றுப் பைகள் சுருங்கித் தொங்கின. அக்குள் ஓரத்தில் சதை மடிந்து நின்றது, கையைத் தாழ்த்தும்போதெல்லாம் உரசும். மனம் மாறவில்லை. அந்தத் தோலை எடுக்க இன்னோர் அறுவை.

தட்டையாக மூடுவதும் ஓர் அறுவை முறைதான், சும்மா தைத்துவிடுவது அல்ல. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 2020-இல் தன் மருத்துவச் சொல்லகராதியிலேயே அதற்கு இடம் கொடுத்துவிட்டது. உங்கள் விருப்பம் அதுதான் என்றால் வாயால் சொல்வதோடு நிறுத்திவிடாதீர்கள். ஒப்புதல் படிவத்தில் எழுதச் சொல்லுங்கள். முடிந்தபின் எப்படித் தெரிய வேண்டும் என்று படம் காட்டுங்கள்.

வெளியே போகும்போது சில நாள் சிலிக்கான் செயற்கை மார்பை உள்ளாடைப் பையில் வைத்துக்கொள்வேன், வேர்த்தால் எடுத்துவிடுவேன். என் உடம்பு, என் சௌகரியம்.

வயது 27, மார்பகக் குறைப்பு, 14 மாதங்கள்

எனக்குப் புற்றுநோய் கிடையாது. இங்கே எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

பதினான்கு வயதிலிருந்து கழுத்து வலி. தோளில் உள்ளாடைப் பட்டை பதிந்து பள்ளம், விரல் வைத்தால் உள்ளே அமரும். மார்புக்கு அடியில் வேர்த்துப் புண், களிம்பு, மறுபடி புண். ஓட மாட்டேன், குனிந்தே நடப்பேன். "எல்லோருக்கும் உள்ளதுதான்" என்று சொன்னவர்களில் இரண்டு மருத்துவர்களும் உண்டு. மூன்றாமவர் என் தோள் பள்ளத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் எழுதத் தொடங்கினார். அப்போதே அழுதுவிட்டேன்.

ஒரு பக்கம் 640 கிராம், மறு பக்கம் 710 கிராம் எடுத்தார்கள். எடுத்த திசுவைச் சோதனைக்கு அனுப்பினார்கள், அது வழக்கம் என்றார்கள். தழும்பு நங்கூரம் போல இருக்கும்: காம்பைச் சுற்றி ஒரு வட்டம், கீழே ஒரு கோடு, மடிப்பில் ஒரு வளைவு. கோடும் வளைவும் சேரும் முனையில்தான் தையல் அதிகம் பிரியும். எனக்கும் பிரிந்தது. ஐந்து வாரம் ஆறாத சிறு புண், தினமும் கட்டு மாற்றல். அதைப் பற்றி முன்பே சொல்லியிருந்தால் அந்த ஐந்து வாரமும் பயந்து சாகாமல் இருந்திருப்பேன்.

கேட்காமல் விட்டது: தாய்ப்பால். காம்பைப் பால் நாளங்களோடு சேர்த்து மேலே நகர்த்தும் முறையில் பால் சுரக்க வாய்ப்பு உண்டு, குறையலாம், இல்லாமலும் போகலாம். காம்பை முழுதாகக் கழற்றி ஒட்டவைக்கும் முறையில் வாய்ப்பு மிகக் குறைவு. எனக்கு எது செய்தார்கள் என்று அறுவைக்குப் பிறகுதான் கேட்டேன். அதிர்ஷ்டவசமாக முதலாவது. இடது காம்பில் உணர்ச்சி இன்னும் பாதிதான்.

எக்ஸ்பாண்டர், பிறகு இம்பிளான்ட், பிறகு இரண்டும் இல்லை

எழுதலாமா என்று இன்னொரு முறை கேட்காதே தங்கையே. வலி எல்லோருக்கும் வலிதான்.

அழகுக்காகச் செய்துகொண்டவள், எடுத்துவிட்டவள்

மேலே உள்ள வரியைப் படித்த பிறகுதான் எனக்கும் எழுதத் துணிவு வந்தது. இருபத்தொன்பது வயதில் பெரிதாக்கிக்கொண்டேன். யாருடைய வற்புறுத்தலும் இல்லை. கண்ணாடியில் எனக்குப் பிடித்திருந்தது, பதினோரு ஆண்டு பிடித்திருந்தது. வருத்தப்பட்டதாகச் சொன்னால் பொய்.

கோபம் ஒன்றுதான். "வைத்துவிட்டால் மறந்துவிடலாம்" என்று சொல்லித்தான் வைத்தார்கள். 1962-இல் ஹூஸ்டனில் இரண்டு அறுவை மருத்துவர்கள் முதல் சிலிக்கான் இம்பிளான்ட்டை வைத்தார்கள். அந்தப் பொருளுக்கே ஒரு வரலாறு இருக்கிறது. 1992-இல் அமெரிக்காவில் பெரிதாக்கும் அறுவைக்கு அதை நிறுத்திவைத்தார்கள், 2006-இல் மறுபடி அனுமதித்தார்கள். பிரான்சில் ஒரு நிறுவனம் தொழிற்சாலைச் சிலிக்கானை நிரப்பி விற்றது 2010-இல் வெளிப்பட்டது. மறந்துவிடக்கூடிய பொருளா அது?

2019-இல் சொரசொரப்பான மேற்பரப்பு உள்ள ஒரு வகையை உலகெங்கும் திரும்பப் பெற்றபோது, இம்பிளான்ட் விவரம் எழுதிய என் பழைய அட்டையைத் தேடி எடுத்தேன். என்னுடையது அந்த நிறுவனத்தினுடையது அல்ல, ஆனால் சொரசொரப்பு வகைதான். அரிதாக, வைத்துப் பல ஆண்டு கழித்து, அதைச் சுற்றியுள்ள உறையில் ஒருவகை நிணநீர்ப் புற்று வரலாம். மார்பகப் புற்றுநோயிலிருந்து அது வேறு. பெரும்பாலும் முதல் அடையாளம் திடீர் வீக்கம். அடுத்த ஆண்டே எனக்கு இடப்பக்கம் ஒரே வாரத்தில் வீங்கியது. ஊசியால் நீரை எடுத்துச் சோதித்தார்கள். முடிவு வர ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளில் நான் யாரிடமும் எரிந்து விழாமல் இருந்ததில்லை.

ஒன்றுமில்லை என்று வந்தது. இருந்தாலும் எடுத்துவிட்டேன். இம்பிளான்ட்டுக்கு ஆயுள் உண்டு, வாழ்நாள் முழுக்க இருக்காது. சிலிக்கான் வகையில் உள்ளே கிழிந்தாலும் வெளியே தெரியாமல் இருக்கலாம். ஐந்தாறு ஆண்டில் முதல் முறையும், பிறகு இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறையும் எம்.ஆர்.ஐ. அல்லது அல்ட்ராசவுண்ட் பார்க்க வேண்டும் என்பது அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் இப்போதைய அறிவுரை. மேமோகிராம் எடுக்கும்போது உள்ளே இம்பிளான்ட் இருப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அதைப் பின்னுக்குத் தள்ளித் தனியாகப் படம் எடுப்பார்கள். அட்டையைப் பத்திரமாக வையுங்கள். என் சர்ஜன் தொழிலையே விட்டுவிட்டார், அவர் வைத்திருந்த கோப்பு எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.

வயிற்றுச் சதை முறை, இடப்பக்கம், மூன்றரை ஆண்டுகள்

கோபித்துக்கொள்ளாதீர்கள், மனதில் பட்டதைச் சொல்கிறேன். உயிர் பிழைக்கப் படுத்தவர்களும் ஆசைப்பட்டுப் படுத்தவர்களும் ஒரே இடத்தில் பேசுவது எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

அழகுக்காகச் செய்துகொண்டவள், எடுத்துவிட்டவள்

கோபமில்லை. ஆனால் நீங்களும் அழகுக்காகத்தானே ஒன்பதரை மணி நேரம் படுத்தீர்கள்? புற்றுநோயை எடுக்க அவ்வளவு நேரம் தேவையில்லையே.

வயிற்றுச் சதை முறை, இடப்பக்கம், மூன்றரை ஆண்டுகள்

சரி. உண்மைதான். இதை எனக்கு யாரும் இவ்வளவு நேராகச் சொன்னதில்லை.

ஆண், வயது 31

ஆண்களுக்கும் உண்டு என்பதற்காக நான்கு வரி. பதின்வயதில் வந்த மார்பு வீக்கம் தானே போய்விடும் என்றார்கள், பலருக்குப் போகும், எனக்குப் போகவில்லை. முதல் மருத்துவர் கொழுப்பை உறிஞ்சி மட்டும் எடுத்தார். காம்புக்கு அடியில் இருந்த சுரப்பித் திசு அப்படியே நின்றது, உறிஞ்சுகுழாய்க்கு அது வராது. இரண்டாம் முறை வெட்டி எடுத்தார்கள். இருப்பது கொழுப்பா சுரப்பியா என்று முதலிலேயே கேளுங்கள். வெயிலிலும் சட்டைக்கு மேல் சட்டை போட்ட ஆண்டுகளைத் திருப்பித் தர யாராலும் முடியாது.

முதுகுத் தசை, வலப்பக்கம், 7 ஆண்டுகள்

காம்பை மறுபடி உருவாக்குவது பற்றி யாரும் எழுதவில்லை. அதே தோலை மடித்துத் தைத்து எனக்கு ஒன்று உருவாக்கினார்கள். முதல் மாதம் எடுப்பாக இருந்தது, ஓராண்டில் தட்டையாகிவிட்டது. பலருக்கும் அப்படித்தான் ஆகுமாம். பிறகு பச்சை குத்திக்கொண்டேன். குத்தியவர் என் இடது காம்பை அரை மணி நேரம் பார்த்து ஆறு நிறம் கலந்தார். ஓரத்தில் நிழல், நடுவில் ஒரு புள்ளி வெளிச்சம். நேராகப் பார்த்தால் மேடு இருப்பதாகவே தோன்றும். பக்கத்திலிருந்து பார்த்தால் ஒன்றுமில்லை. நிறம் மங்கும், இரண்டு முறை மறுபடி குத்தியாயிற்று. ஊசி குத்தும்போது உணர்ச்சியே இல்லாததால் அவரோடு பேசிக்கொண்டே இருந்தேன்.

வயது 46, வலப்பக்கம், அறுவைக்கு ஒன்பது நாள்

வியாழக்கிழமை போய்வந்தேன். உங்கள் கேள்விகளையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனேன். மருத்துவர் தாளைப் பார்த்துவிட்டு நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார். இந்த முறை ஒரு மணி நேரம் ஆயிற்று. இடையில் என் புற்றுநோய் மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்து, ஒலிபெருக்கியில் போட்டு, மூவரும் பேசினோம்.

பாதி அகற்றல் பற்றியும் கேட்டேன். கட்டிகள் இருக்கும் இடத்தை ஸ்கேனில் காட்டி, இரண்டையும் எடுத்தால் மீதி எவ்வளவு நிற்கும் என்று வரைந்தார். பார்த்தபின் முழு அகற்றலுக்கு நானே ஒப்புக்கொண்டேன். கதிர்வீச்சு அநேகமாக வரும். ஆகவே இப்போது எதையும் வைக்கப் போவதில்லை. கதிர்வீச்சு முடிந்து, தோல் ஆறி, ஆறு மாதமோ ஓராண்டோ கழித்து வயிற்றுச் சதை முறையைப் பற்றி மறுபடி பேசுவோம். அப்போதும் வேண்டாம் என்று தோன்றினால் வேண்டாம். அதனால் இப்போதே தட்டையாக, மடிப்பில்லாமல் மூட வேண்டும் என்று படிவத்தில் எழுதிவிட்டேன். மருத்துவர் அந்த வரியின் கீழ்க் கையெழுத்துப் போட்டார். இம்பிளான்ட் மேசை மேலேயே இருந்தது. இந்த முறை நானே எடுத்து அழுத்திப் பார்த்தேன்.

இன்னும் ஒன்று. நீர் வடியும் குழாயோடுதான் வீட்டுக்கு அனுப்புவார்களாம். அந்தக் குப்பியை எங்கே வைத்துக்கொள்வது? குளிக்கும்போது?

இருபுறமும் தட்டை, 5 ஆண்டுகள்

முன்பக்கம் பொத்தான் வைத்த தளர்வான சட்டை நான்கு எடுத்துக்கொள்ளுங்கள், முதல் சில வாரம் கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாது. சட்டையின் உட்பக்கம், இடுப்புக்குச் சற்று மேலே, ஒரு துணிப்பை தைத்துக் குப்பியை அதில் போடுங்கள். தொங்கவிட்டால் தையலை இழுக்கும். குளிக்க அனுமதித்த பிறகு கழுத்தில் ஒரு நாடாவைப் போட்டு அதில் கோத்துக்கொள்ளுங்கள். தினமும் எவ்வளவு வடிகிறது என்று அளந்து எழுதி வையுங்கள். எனக்கு இரண்டு நாள் தொடர்ந்து 30 மில்லிக்குக் கீழே வந்ததும் எடுத்தார்கள். எடுக்கும்போது மூச்சை இழுத்து வெளியே விடச் சொல்வார்கள், விடுவதற்குள் வந்துவிடும்.

வயது 46, வலப்பக்கம், அறுவைக்கு ஒன்பது நாள்

துணி இருக்கிறது. இன்றைக்கே தைக்கிறேன்.